ஏட்டுக் காலமும் திரைக் காலமும்: மங்கா அனிமேயான வரலாறு

ஜப்பானிய மொழியில் ஓசையின்மைக்கும் ஓர் ஒலிக்குறிப்புச் சொல் உண்டு. ‘ஷீ...ன்’ என்பது அது. ஆளற்ற மண்டபத்தையோ, விடை கிடைக்காத வினாவையோ, பனி கொட்டி ஓய்ந்த இரவையோ வரையும் சித்திரக்கதை ஓவியர், அந்தக் கட்டத்தின் வெற்றிடத்தில் இவ்வெழுத்துகளைப் பெரிதாகத் தீட்டிவிடுவார். படிப்பவர் காதில் எதுவும் விழுவதில்லை. ஆனால் எதுவும் விழவில்லை என்பது நன்றாகக் கேட்கிறது. நீருக்குச் சலசலவும் நகைப்புக்குக் கலகலவும் மழைக்குச் ‘சோ’வும் வைத்திருக்கும் நம் மொழியிலும் ‘கம்மென்று’, ‘கப்சிப்’ போன்றவை உண்டுதாம். எனினும் அவை வாய் மூடிய மனிதரைக் குறிப்பவை. இடத்தின் அமைதியை, காற்றின் அமைதியை அவை குறிப்பதில்லை. ஜப்பானியச் சொல்லோ வெற்றிடத்தையே பேச வைக்கிறது.

இந்தச் சொல் ஏட்டிலிருந்து திரைக்குப் போகும்போது என்ன ஆகும்? திரையில் எழுத்தைத் தீட்ட வேண்டுவதில்லை. ஒலியை நிறுத்திவிட்டால் போதும். அப்போது இயக்குநர் முன் ஒரு வினா வந்து நிற்கிறது: எத்தனை நொடி? ஏட்டை வரைந்தவருக்கு இவ்வினா எழவே இல்லை. விரும்பியவர் அக்கட்டத்தில் ஒரு நிமிடம் தங்கலாம். விரும்பாதவர் அரை நொடியில் கடக்கலாம். திரையோ ஒரு விடையைத் தந்தே தீரவேண்டும். அந்த விடை பார்ப்பவர் எல்லோருக்கும் பொதுவானது.

மங்கா எனப்படும் ஜப்பானியச் சித்திரக்கதைக்கும், அதைத் தழுவி எடுக்கப்படும் அனிமே எனும் அசைவுப்படத்துக்கும் உள்ள வேறுபாடுகளைப் பற்றி அன்பர்கள் விவாதிக்கும்போது, எந்தப் பாத்திரம் விடுபட்டது, எந்த முடிவு மாறியது என்றே கணக்கெடுப்பது வழக்கம். அக்கணக்கு பயனற்றதன்று. ஆயினும் அம்மாற்றங்களில் பெரும்பாலானவை ‘எவ்வளவு நேரம்?’ என்ற இந்த ஒரு வினாவிலிருந்து கிளைத்தவை என்றே எனக்குப் படுகிறது. அவ்வினாவுக்கு விடை சொன்னவர் எப்போதும் கலைஞராக இருந்ததில்லை என்பதுதான் இவ்வரலாற்றின் சுவையும் கசப்பும்.

மங்கா தன் இன்றைய உருவைப் பெற்றது போருக்குப் பிந்தைய வறுமையில். ஒசாக்காவில் மலிவுத்தாளில் அச்சிட்டு விற்கப்பட்ட ‘சிவப்புப் புத்தகங்கள்’ என்னும் சிறுவர் நூல்களில் ஒன்றாக 1947இல் ‘புதிய புதையல் தீவு’ வெளிவந்தது. ஷிச்சிமா சகாயின் கதையமைப்புக்குப் படம் வரைந்தவர் ஒசாமு தெசுகா என்ற மருத்துவ மாணவர்; வயது பத்தொன்பதுக்கு மேல் இராது. அதன் தொடக்கத்தில் ஒரு சிறுவன் காரோட்டித் துறைமுகத்துக்கு விரைகிறான். கதைக்கு அதனால் பெரும்பயன் ஒன்றுமில்லை. கார் வருகிறது, நெருங்குகிறது, கடந்து போகிறது, அவ்வளவுதான். அதைக் கட்டம் கட்டமாகக் கண்ட ஒரு தலைமுறைச் சிறுவர்கள், தாள் ஓடுகிறது என்று வியந்தார்கள். அவர்களிற் சிலர் பின்னாளில் தாமும் ஓவியராயினர். திரைப்படத்தின் ஓட்டத்தை மங்கா முதலில் கடன் வாங்கியது. பின்னர் அனிமே அந்தக் கடனைத் திரும்ப வாங்க வந்தபோது வட்டிக்கணக்கில் தகராறு எழுந்தது என்று சொல்லலாம்.

முதல் தகராறு முடிவைப் பற்றியது. ‘மேற்குப் பயணம்’ என்னும் சீனப் பழங்கதையைத் தெசுகா தம் போக்கில் மங்காவாக வரைந்திருந்தார். அதைத் தோயெய் நிறுவனம் 1960இல் முழுநீள அசைவுப்படமாக எடுத்தபோது அவரும் அப்பணியில் பங்குகொண்டார். குரங்கு வீரனின் காதலி இறுதியில் இறக்க வேண்டும் என்பது தெசுகாவின் விருப்பம். படப்பிரிவினர் அதற்கு இணங்கவில்லை. அவள் பிழைத்தாள். சிறு செய்திதான் இது. ஆனால் மூன்றாண்டுகள் கழித்து அதே நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்த ஹயாவோ மியாசாகி என்னும் இளைஞரின் நெஞ்சில் இது ஆழப் பதிந்தது. 1989இல் தெசுகா மறைந்தபோது எழுதிய கட்டுரையில், இறந்தவரைப் போற்றும் மரபைக் கைவிட்டு, அவர் இச்சாவைக் கேட்டதையே குற்றமாகச் சுட்டினார் மியாசாகி. பார்ப்போரை அழவைப்பதற்காக ஓர் உயிரைக் கொல்லும் படைப்பாளி கடவுளின் கையைத் தன்னுடையதாக எண்ணிக்கொள்கிறான் என்பது அவர் வாதம். இரங்கல் கட்டுரையில் இத்தகைய நேர்மை நம் பக்கம் அரிது.

1963 ஜனவரி முதல் நாள், புத்தாண்டு மாலையில், ஃபுஜி தொலைக்காட்சியில் ‘இரும்புக்கை ஆட்டம்’ தொடங்கியது. ஆங்கில உலகம் ‘ஆஸ்ட்ரோ பாய்’ என்று அறியும் எந்திரச் சிறுவனின் கதை அது. 1951இல் வேறொரு கதையில் துணைப்பாத்திரமாகத் தோன்றிய ஆட்டம், 1952 முதல் ‘ஷோனென்’ என்ற மாத இதழில் தனக்கென ஒரு தொடரைப் பெற்றிருந்தான். மகனை விபத்தில் இழந்த விஞ்ஞானி, அம்மகனின் உருவில் ஓர் எந்திரத்தைச் செய்கிறான். அது வளரவில்லை என்று கண்டு வெறுத்து, அதை வித்தைக் கூடாரத்துக்கு விற்றுவிடுகிறான். ஆட்டத்தின் பிறப்பே ஒரு தழுவல் கதை. மூலத்தைப் போலவே இருக்கவேண்டும் என்று எதிர்பார்த்த தந்தை, இது மூலமன்று என்பதைத் தாங்கமாட்டாமல் தவித்த கதை.

வாரம் ஒருமுறை அரைமணி நேரம் என்பது அக்காலத்தில் நினைத்துப் பார்க்கவியலாத வேகம். திரையில் ஒரு நொடிக்கு 24 சட்டங்கள் ஓடுகின்றன. விளம்பரம் போக 25 நிமிடம் என்று கொண்டால் 36,000 சட்டங்கள். டிஸ்னியின் முறையில் சட்டத்துக்கு ஒன்று அல்லது இரண்டு சட்டத்துக்கு ஒன்று என்று ஓவியம் தீட்டினால் ஒரு வாரப் பகுதிக்கு ஓராண்டு ஆகும். 1961இல் தாம் தொடங்கிய முஷி நிறுவனத்தில் தெசுகா கண்ட வழி, அசைவைக் குறைப்பது. ஓர் ஓவியத்தை மூன்று சட்டங்களுக்கு நிறுத்தினார்கள். பேசும்போது வாய் மட்டும் அசையும். முகம் சிலையாக நிற்கும். ஆட்டம் வானில் பறக்கும் படங்களைச் சேமித்து வைத்து வாராவாரம் வேறு வேறு மேகங்களின்மேல் பறக்கவிட்டார்கள். உணர்ச்சி மிகும் இடத்தில் அசைவை முற்றிலும் நிறுத்தி, ஒரே ஓவியத்தின்மேல் ஒளிப்படக் கருவியை நகர்த்தினார்கள்.

இதைக் கண்ட அசைவுப்படக் கலைஞர்கள் சிலர் ‘காமிஷிபாய்’ என்று இகழ்ந்தனர். மிதிவண்டியில் மரச்சட்டம் கட்டிக்கொண்டு தெருமுனைக்கு வந்து, மிட்டாய் விற்று, படங்களை ஒவ்வொன்றாக உருவிக் காட்டிக் கதை சொல்லும் ஏழைக் கலைஞரின் தொழிலுக்குப் பெயர் காமிஷிபாய். தொலைக்காட்சி வந்து அத்தொழிலை அழித்தது. அழிந்த அந்தக் கலை தொலைக்காட்சிக்குள்ளேயே புகுந்து உட்கார்ந்துகொண்டது என்று நான் இதைப் புரிந்துகொள்கிறேன். இங்கும் மிட்டாய் உண்டு: நிகழ்ச்சியை ஏற்று நடத்தியது மெய்ஜி என்னும் மிட்டாய் நிறுவனம். அதன் சாக்லேட்டோடு ஆட்டத்தின் ஒட்டுப்படம் கிடைத்தது, பிள்ளைகள் மொய்த்தனர்.

ஆனால் விலை? தயாரிப்புச் செலவைவிடக் குறைந்த தொகைக்கே தெசுகா ஒவ்வொரு பகுதியையும் தொலைக்காட்சிக்கு விற்றார். பற்றாக்குறையைத் தம் மங்காவின் வருவாயாலும் பொம்மை, உடை, ஒட்டுப்படங்களின் உரிமைத்தொகையாலும் ஈடுகட்டினார். அந்தக் குறைந்த விலையே பின்வந்தோர்க்கு அளவுகோலாகி அசைவுப்படத் தொழிலாளர் தலையில் விடிந்தது என்பது அவர்மேல் இன்றுவரை சாற்றப்படும் குற்றச்சாட்டு. மியாசாகியும் அக்கட்டுரையில் இதைச் சொல்லத் தவறவில்லை. 1973இல் முஷி நிறுவனம் நொடித்தது. ஏட்டில் தாளும் மையும் ஓவியரின் தூக்கமும் மட்டுமே செலவு; அங்கே மௌனம் மலிவு. திரையில் அசையாமை மலிவு. இரண்டும் ஒன்றுபோல் தோன்றினாலும் ஒன்றன்று.

இருப்பினும் திரை சிலவற்றைக் கொடுத்தது. ஏட்டில் ஓசையின்றி நடந்த ஆட்டத்துக்கு மட்சுவோ ஓனோ என்ற ஒலிக்கலைஞர் ஒரு காலடி ஓசையை உண்டாக்கினார். பொம்மையும் குழந்தையும் கலந்த மின்னணு ஓசை அது. அதன்பின் மங்காவைப் படித்த பிள்ளைகளுக்கு அந்த ஓசை தாளிலும் கேட்கத் தொடங்கியிருக்கும். தொடரின் முகப்புப் பாடலுக்குச் சொல் தந்தவரோ ஷுன்தாரோ தனிகாவா. 2024இல் மறைந்த இம்மாபெரும் கவிஞரின் முதல் தொகுதி வெளிவந்தது 1952இல், ஆட்டம் ஏட்டில் தனித்தொடராகப் பிறந்த அதே ஆண்டில். விண்வெளித் தனிமையைப் பாடி அறிமுகமான கவிஞர், விண்ணில் பறக்கும் எந்திரச் சிறுவனுக்குப் பாட்டெழுதியதைத் தரக்குறைவென்று கருதவில்லை. நம் வட்டத்துக் கவிஞர்கள் இதனைக் குறித்துக்கொள்ள வேண்டுகிறேன்.

மாத இதழில் சேர்ந்திருந்த கதைகளை வாரத் திரை விரைவில் தின்று தீர்த்தது. பிறகு வசனகர்த்தாக்கள் புதுக்கதைகள் புனைந்தனர். ஏட்டு ஆட்டம் ஒரு பக்கமும் திரை ஆட்டம் ஒரு பக்கமுமாகப் பிரிந்து நடந்தார்கள். 193 பகுதிகள் கழிந்து, 1966 டிசம்பர் 31இல், பூமியைக் காக்க ஆட்டம் கதிரவனுக்குள் பாய்ந்து மறைவதோடு தொடர் முடிந்தது. அடுத்து நடந்ததுதான் விந்தை. 1967இல் சாங்கெய் நாளிதழில் தெசுகா ஒரு புதிய ஆட்டக் கதையைத் தொடங்கினார். அது மங்காவின் தொடர்ச்சியாக அமையவில்லை. திரையில் கதிரவனை நோக்கிப் பாய்ந்த ஆட்டத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பதிலிருந்து அது தொடங்கியது. மூலம் தன் தழுவலைத் தழுவிக்கொண்டது. தழுவல் என்ற நம் சொல்லுக்கு அணைத்தல் என்ற பொருளும் இருப்பது இங்கே பொருத்தம். அணைக்கும்போது நிலை பெயராமல் நிற்பவர் எவருமில்லை.

1959 மார்ச் 17 அன்று ஒரே நாளில் இரண்டு சிறுவர் வார இதழ்கள் தோன்றியதிலிருந்து மங்காவும் வாரக் கடிகாரத்துக்கு வந்துவிட்டது. வாரப் பத்திரிகைத் தொடர்கதையின் சுகமும் வதையும் நமக்குப் புதியனவல்ல. ஓவியர் வாரத்துக்கு இருபது பக்கம் அளவில் வரைகிறார். படிப்பவர் அதைச் சில நிமிடங்களில் முடித்துவிடுகிறார். திரையின் அரைமணிக்கு அது போதாது. எனவே ஏடு எவ்வளவு முன்னால் சென்றிருந்தாலும் திரை துரத்திப் பிடித்துவிடும். அகிரா தொரியாமாவின் ‘டிராகன் பால்’ 1984 முதல் 1995 வரை வார இதழில் வந்தது. திரைத்தொடர் 1986இலேயே தொடங்கிவிட்டது. பிடித்துவிடாமல் இருக்க வேண்டி, வீரர்கள் முறைத்துக்கொண்டே நின்றார்கள். ஐந்து நிமிடத்தில் வெடிக்கும் என்று வில்லன் சொன்ன கோள், வாரக்கணக்கில் வெடிக்காமல் இருந்தது இன்றும் நகைச்சுவையாகப் பேசப்படுகிறது. 2009இல் அத்தொடரை மங்காவின் அளவுக்கு வெட்டிச் சுருக்கி மீண்டும் ஒளிபரப்பியபோது முதற்பெரும்பகுதி ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. மறுபாதி வெறும் காத்திருப்பு என்பது இதனால் அளந்து காட்டப்பட்டது. ‘நருட்டோ’வின் முதல் தொடரில், 2007இல் முடிந்த 220 பகுதிகளில், கடைசி எண்பதை ஒட்டியவை ஏட்டில் இல்லாத இட்டுக்கட்டுகள். இவற்றைப் பற்றி மேலும் சொல்ல எனக்கு விருப்பமில்லை.

ஆனால் காத்திருக்க மறுத்த ஒரு தொடர் உண்டு. ஹிரோமு அரகாவா என்னும் பெண் ஓவியர், ஹொக்கைடோவில் மாட்டுப்பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர், 2001இல் ‘எஃகு ரசவாதி’யைத் தொடங்கினார். இறந்த தாயை ரசவாதத்தால் உயிர்ப்பிக்க முயன்ற இரு சகோதரர்களில் மூத்தவன் கையையும் காலையும் இழக்கிறான். இளையவன் உடலையே இழக்கிறான். 2003இல் திரைத்தொடர் தொடங்கும்போது ஏட்டில் கதை பாதிகூட நகரவில்லை. முடிவை வேறாக அமைத்துக்கொள்ள அரகாவா இசைந்தார். இயக்குநர் செய்ஜி மிசுஷிமாவும் எழுத்தாளர் ஷோ ஐகாவாவும் 51 பகுதிகளில் தம் கதையை முடித்தனர். அவர்கள் செய்த மாற்றங்களில் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

இக்கதையில் செயற்கை மாந்தர் எழுவர் வருகின்றனர். எழுவருக்கும் காமம், பேராசை, பொறாமை என்று ஏழு பாவங்களின் பெயர்கள். அரகாவாவின் ஏட்டில் இவர்கள், ‘தந்தை’ எனப்படும் ஒருவன் தன் குற்றங்களைத் தன்னிலிருந்து பிரித்தெடுத்துச் செய்த உருவங்கள். 2003இன் திரைத்தொடரிலோ, இறந்தவரை மீட்க யாரேனும் முயன்று தோற்கும்போது பிறக்கும் பிறவிகள் அவர்கள். அதனால் சகோதரர்கள் தாங்கள் உயிர்ப்பிக்க முயன்ற தாயின் முகத்தோடு வரும் ஒருத்தியை எதிர்த்துப் போரிட நேர்கிறது. ஏட்டில் பகைவன் வெளியே இருக்கிறான். அவனை வெல்லலாம், வென்றும் விடுகிறார்கள். திரையில் பகை என்பது அவர்களுடைய துயரமே உருக்கொண்டு வந்தது. அதை எப்படி வெல்வது? எனவே அத்தொடர் வெற்றியில் முடியவில்லை. மூத்தவன் நம் உலகத்துக்கு, முதல் உலகப்போருக்குப் பிந்தைய ஐரோப்பாவுக்குத் துரத்தப்பட்டான், தம்பியைப் பிரிந்து.

2009இல் அதே நிறுவனம், இம்முறை ஏட்டின் வழியே, 64 பகுதிகளில் மீண்டும் எடுத்தது. 2010 ஜூனில் ஏட்டுத்தொடர் நிறைவுற, ஜூலையில் திரைத்தொடரும் நிறைவுற்றது. ‘உண்மையான தழுவல்’ என்று இன்று அன்பர்கள் பரிந்துரைப்பது இதனையே. நானும் இதன் கட்டமைப்பை மெச்சுகிறேன். ஆயினும் ஒரு வினா: ஒரு நாள்காட்டியின் நெருக்கடியால் பிறந்த முதல் தொடரின் துயரம், நெருக்கடியற்ற இரண்டாம் தொடரில் எங்கே போயிற்று? மூலத்துக்கு உண்மையாக இருத்தல் ஒரு நல்லொழுக்கம். கலைக்கு அது ஒன்றே போதுமென்று நான் நம்பவில்லை.

தொலைக்காட்சியின் கடிகாரம் இழுத்து நீட்டுவது என்றால், திரையரங்கின் கடிகாரம் வெட்டிக் குறைப்பது. ஈராயிரம் பக்கங்களை இரண்டு மணியில் சொல்லியாக வேண்டும். அங்கே எதை விடுவது என்பதே வினா. சில வேளை அது அறத்தின் வினாவாகவும் ஆகிவிடும்.

ஹிரோஷிமாவில் அணுகுண்டு விழுந்தபோது கெய்ஜி நகசாவாவுக்கு வயது ஆறு. பள்ளி மதிலொன்று மறைத்ததால் பிழைத்தார். தந்தையும் அக்காளும் தம்பியும் பிழைக்கவில்லை. 1973இல் அவர் சிறுவர் வார இதழில் தொடங்கிய ‘வெறுங்கால் கென்’ பத்துத் தொகுதிகளாக வளர்ந்தது. 1983இல் அது மசாகி மோரியின் இயக்கத்தில் படமாயிற்று. குண்டு வெடிக்கும் அந்தச் சில நிமிடங்களில் ஏடு தரமுடியாத ஒன்றைத் திரை தருகிறது: சற்றுமுன் அசைந்துகொண்டிருந்த உடல் நம் கண்முன்னே உருகுகிறது. ஏட்டில் அது முன், பின் என்ற இரு கட்டங்கள். இடைவெளியைக் கடக்க நாம் மறுக்கலாம். திரையில் மறுக்க இயலாது. ஆனால் ஏட்டின் முதல் தொகுதி பெரிதும் பேசுவது குண்டைப் பற்றியன்று. போரை எதிர்த்துப் பேசிய தந்தையை அண்டை வீட்டார் தேசத்துரோகி என்று தூற்றுவதும், சிறையும், பிள்ளைகள் படும் அவமானமும் பக்கம் பக்கமாக வருகின்றன. 83இன் படத்தில் இப்பகுதி மிகச் சுருங்கிவிட்டது. அதன் விளைவு என்ன? ஏட்டில் கென்னின் குடும்பத்தை முதலில் காயப்படுத்துபவர்கள் அதே தெருவில் வாழ்பவர்கள். வானூர்தி அதன்பிறகு வருகிறது. திரையில் கேடு வானிலிருந்து மட்டுமே வருகிறது. சில நிமிடங்களைக் குறைத்ததால் நேர்ந்த மாற்றம் இது.

இனி மியாசாகி. 1980களின் தொடக்கத்தில் அவர் முன்வைத்த படத்திட்டங்கள், மூலமாக ஒரு மங்கா இல்லை என்ற காரணத்தால் தள்ளப்பட்டன. அப்படியானால் மங்காவை வரைந்துவிடுகிறேன் என்று, 1982 பிப்ரவரியில், ‘அனிமேஜ்’ மாத இதழில் ‘காற்றுப் பள்ளத்தாக்கின் நவுசிகா’வைத் தொடங்கினார். தழுவுவதற்காக ஒரு மூலத்தை உண்டாக்கிய விந்தை இது. பெயர் ஹோமரின் ஒடிசியில் வரும் இளவரசியுடையது. குணமோ பழஞ்சப்பானியக் கதையொன்றில் வரும், கம்பளிப்புழுக்களை நேசித்துப் புருவம் மழிக்க மறுத்த, பூச்சிகளை விரும்பும் பெண்ணுடையது. இருவரையும் ஒருத்தியாக்கினார்.

பேரழிவுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னர் நச்சுப் பூஞ்சைக் காடு உலகை மூடி வருகிறது. ‘ஓமு’ எனும் மாபெரும் பூச்சிகள் அதைக் காக்கின்றன. எஞ்சிய மனிதர்கள் இன்னமும் போரிடுகிறார்கள். 1984 மார்ச்சில் படம் வந்தபோது ஏட்டில் ஏறத்தாழ இரண்டு தொகுதி அளவே கதை நடந்திருந்தது. படத்தின் இறுதியில் வெறிகொண்டு வரும் ஓமுக்களின் முன் நவுசிகா தன்னைப் பலியிடுகிறாள். அவை பொன்னிறக் கொடுக்கிழைகளால் அவளை ஏந்தி உயிர்ப்பிக்கின்றன. நீல ஆடை அணிந்து பொன்வயலில் நடப்பவர் மீட்பர் என்ற பழவாக்கு மெய்யாகிறது. காடும் உண்மையில் நச்சைத் தூய்மையாக்கிக் கொண்டிருந்த ஒன்று என்று தெரியவருகிறது. அரங்கை விட்டு ஈரக்கண்ணோடு வெளியேறத்தக்க முடிவு.

ஏட்டிலும் ஓமுக்கள் அவளைப் பொன்னிழைகளில் ஏந்தும் காட்சி உண்டு. ஆனால் அது இரண்டாம் தொகுதியில் வருகிறது; அதன்பின் ஐந்து தொகுதிகள் இருக்கின்றன. திரையில் முடிவாக நின்றது, ஏட்டில் நடுவழிச் சத்திரம். படம் முடிந்தபின்னும் மியாசாகி, இடையிடையே படங்களுக்காக நிறுத்தியும் தொடர்ந்தும், 1994 மார்ச் வரை அதை வரைந்தார். தம் படத்தின் முடிவு ஒரு சமயக்காட்சியாகிவிட்டது என்ற நிறைவின்மையை அவரே பேசியிருக்கிறார். ஏட்டின் பிற்பகுதி அந்நிறைவின்மையின் பத்தாண்டுத் தடம். இடையில் சோவியத் ஒன்றியம் சிதறியது. யுகோஸ்லாவியாவில் அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கொல்லத் தொடங்கினர். மார்க்சியத்தில் ஊறிய தலைமுறையைச் சேர்ந்த அவருக்கு, தூய எதிர்காலம் ஒன்றைக் காட்டி நிகழ்காலத்தைப் பலிகேட்கும் வாக்குகள்மேல் இருந்த நம்பிக்கை போயிற்று.

ஏழாம் தொகுதியில் நவுசிகா, ஷுவா என்னும் இடத்துப் பழங்கல்லறைக்குள் நுழைந்து உண்மையை அறிகிறாள். காடு இயற்கையன்று, பண்டைய மாந்தர் உலகைத் தூய்மையாக்கத் திட்டமிட்டு விதைத்தது. நச்சில் வாழத்தக்கவாறு மனித உடலும் அவர்களால் மாற்றப்பட்டது. தூய்மை நிறைவுறும் நாளில் இவ்வுடல்கள் அந்தத் தூயகாற்றைத் தாங்காமல் மாளும்; கல்லறையில் காத்திருக்கும் வேறு மாந்தரின் கருமுட்டைகள் அவ்வுலகை ஆளும். தன்னைத் தாயென்று அழைக்கும் பேருருப் போர்வீரனைக் கொண்டு அவள் அக்கல்லறையைத் தகர்க்கிறாள். பிறக்கவிருந்த தூயவர்களும் அதில் அழிகிறார்கள். வெளியே வந்து தன் மக்களிடம் அவள் இவ்வுண்மையைச் சொல்வதில்லை. பொய்யோடும் நஞ்சோடும் வாழலாம் வாருங்கள் என்பதே அவள் தேர்வு. படத்தில் மீட்பராக உயர்ந்தவள் ஏட்டில் மீட்பையே மறுப்பவளாகிறாள்.

இவ்விரண்டில் எது மூலம்? முதலில் தொடங்கியது ஏடு. முதலில் முடிந்தது படம். ஏட்டின் முடிவோ படத்துக்கு எழுதப்பட்ட மறுப்பு. இரண்டு மணி நேரத்தில் அந்த மறுப்பைச் சொல்லியிருக்க முடியுமா என்றால், முடியாதென்றே கருதுகிறேன். சின்னஞ்சிறு கட்டங்களில், நெருங்கிய கோடுகளில், செம்பழுப்பு மையில் அச்சான அப்பக்கங்களை மெல்லத்தான் படிக்க இயலும். நம்பிக்கை ஒன்று தேய்ந்து மறைய எடுக்கும் காலம் அந்த வாசிப்பில் இருக்கிறது. படத்துக்கோ ஜோ ஹிசாய்ஷியின் இசையும் சறுக்குவானூர்தியின் மிதப்பும் இருக்கின்றன. காற்று என்பது திரையில் மட்டுமே வீசக்கூடியது.

கட்சுஹிரோ ஒடோமோவும் தம் ‘அகிரா’வை ஏடு முடியுமுன்னே, 1988இல், தாமே இயக்கினார். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட ஒளிபுகு தாள்களில் தீட்டப்பட்ட, அசைவின் செல்வச்செழிப்பு மிக்க படம். ஏட்டில் அகிரா உயிருள்ள, பேசாத ஒரு சிறுவன். நடுக்கதையில் நகரத்தை அழிப்பவன். படத்தில் அவன் கண்ணாடிக் குடுவைகளில் அடைத்த உறுப்புகளாக மட்டும் எஞ்சுகிறான். தலைப்புப் பாத்திரத்தையே வெற்றிடமாக்கும் துணிவு ஆசிரியருக்கே வரும். வேறொருவர் செய்திருந்தால் அன்பர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

மமோரு ஓஷீ வேறொருவர்தாம், அவரை விட்டுவிட்டார்கள். மசாமுனே ஷிரோவின் ‘கூட்டுக்குள் ஆவி’ 1989இல் தொடங்கிய மங்கா. எந்திர உடல் கொண்ட அதன் நாயகி குசநாகி கேலி பேசுபவள், முகம் கோணுபவள். பக்க ஓரங்களில் ஆசிரியரே பொடியெழுத்தில் துப்பாக்கியைப் பற்றியும் கணினியைப் பற்றியும் விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். வாயாடி நூல். 1995இன் படத்தில் ஓஷீ அந்த ஓரக்குறிப்புகளையெல்லாம் துடைத்தார். குசநாகியின் சிரிப்பையும் துடைத்தார். நடுவே கதையை நிறுத்திவிட்டு, ஹாங்காங்கை நினைவூட்டும் மழை நகரத்தை, படகிலிருந்து அவள் அண்ணாந்து பார்ப்பதை, கென்ஜி கவாயின் பாடலோடு சில நிமிடங்கள் வசனமின்றி ஓடவிட்டார். கடைக்கண்ணாடிக்குப் பின்னே அவள் முகமே கொண்ட வேறொருத்தி அமர்ந்திருக்கிறாள். மங்காவில் இக்காட்சி இல்லை. மௌனம் ஏட்டின் சொத்து, திரை அதை இழக்கிறது என்று சொல்லப் புகுவோர்க்கு இது இடறுகல்.

கடைசியாக ஒரு கூடைப்பந்தாட்டம். தகெஹிகோ இனோவேயின் ‘ஸ்லாம் டங்க்’ 1990 முதல் 1996 வரை வார இதழில் வந்தது. 1993இல் தொடங்கிய திரைத்தொடர் வழக்கம்போலப் பந்தை அந்தரத்தில் நிறுத்தி வைத்து வீரர்களை நினைவோட்டத்தில் ஆழ்த்தியது. 101 பகுதிகளோடு 1996 மார்ச்சில் முடிந்தும் போயிற்று. கதையின் சிகரமான சன்னோ பள்ளியுடனான ஆட்டம் திரைக்கு வரவேயில்லை. ஏட்டில் அவ்வாட்டத்தின் இறுதி நொடிகளை இனோவே ஏறத்தாழச் சொல்லே இல்லாமல் வரைந்திருந்தார். பேச்சுக் குமிழிகள் ஒழிந்தன, ‘ஷீ...ன்’ கூட இல்லை. பக்கங்களைப் புரட்டும் தாளோசை மட்டும். பந்தை எறியுமுன் ஒரு வீரன் தனக்குத்தானே முணுமுணுக்கும் ஒரு சிறு வரி மட்டும் இடையில் வரும். அவ்வரியைப் படித்தவர் எவரும் மறப்பதில்லை.

2022 டிசம்பர் 3 அன்று, இருபத்தாறு ஆண்டுகள் கழித்து, இனோவே தாமே எழுதி இயக்கிய படம் வெளிவந்தது. ஏட்டின் நாயகன் சகுராகியைச் சற்றே ஒதுக்கிவிட்டு, ஒகினாவாவில் கடலுக்கு அண்ணனைப் பறிகொடுத்த குள்ளமான மியாகியின் கண்வழியே அந்த ஒரே ஆட்டத்தைச் சொன்னார். ஏட்டில் மியாகியின் பின்கதைக்கு இடமிருந்ததில்லை. இறுதி நொடிகள் வரும்போது இசை நிற்கிறது. கூட்டத்தின் இரைச்சல் நிற்கிறது. ஓட்டம் மட்டும் தொடர்கிறது, கடிகார எண்கள் இறங்குகின்றன. பந்துக்காகக் காத்து நிற்கும் சகுராகியின் உதடுகள் அசைகின்றன. அந்த வரி ஒலிப்பதில்லை. அரங்கில் இருப்போர் அதைத் தம் நினைவிலிருந்து படித்துக்கொள்கிறார்கள்.